கல்முனைக்கு வராத ரயில்

எங்கள் வகுப்பில் விமானம் ஏறியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ரயிலே ஏறாதவர்கள் அதைவிட அதிகம். இது பெருமையல்ல. 1928இல் மட்டக்களப்பை எட்டிய தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. கல்முனை அதற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் இருக்கிறது.

உம்றாவுக்குப் போனபோது கட்டுநாயக்கவில் ஏறி ஜித்தாவில் இறங்கினோம். இடையில் நான் கண்டது முன் ஆசனத்தின் முதுகும் கொஞ்சம் மேகமும்தான். ஆனால் மட்டக்களப்பிலிருந்து உதயதேவியில் கொழும்புக்குப் போனால் ஒரு பகல் முழுவதும் நாடு நம்மோடு கூடவே வரும். வாழைச்சேனை தாண்டியதும் புனானைக் காடு, பிறகு வெலிக்கந்தை, பிறகு மன்னம்பிட்டியில் மகாவலி. 2007இல் புதிய பாலம் திறக்கும்வரை பஸ்ஸும் லொறியும் ரயிலும் அங்கே ஒரே இரும்புப் பாலத்தில்தான் போயின. ரயில் கடக்கும்வரை பஸ்ஸில் காத்திருந்த கதையை உம்மா இன்றும் சொல்வார். கல்ஓயாப் பக்கம் யானைக் காடு. 2025 பெப்ரவரியில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தது அங்கேதான். அந்த இடத்தில் ரயில் மெதுவாகப் போனால் யாரும் முணுமுணுக்க வேண்டாம்.

இனி, பெற்றோரிடம் ஒரு விடயம். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும் பெண் பிள்ளைகளில் பலர் அஸருக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று உம்மாமாருக்குத் தெரியும். பஸ் நிற்கும் இடத்தில்தான் இறங்கலாம், பக்கத்தில் யார் இருந்தாலும் விடியும்வரை அந்த ஆசனம்தான். ரயிலில் கழிப்பறை இருக்கிறது. பிடிக்காவிட்டால் எழுந்து ஒரு குடும்பத்தின் அருகே போய் அமரலாம். பேராதனையோ கொழும்போ கிடைத்தும் “தூரம்” என்று தயங்கும் வீடுகளுக்கு இது சின்ன விடயமல்ல.

மட்டக்களப்பில் விமான நிலையம் இருக்கிறதே என்பார்கள். விடுமுறைக்கு வீடு வரும் மாணவிக்கு அது கட்டுப்படியாகுமா?

தண்டவாளத்தைத் தெற்கே நீட்டுவது லேசல்ல. காத்தான்குடியிலும் மருதமுனையிலும் வீட்டுக்கு வீடு மதில் ஒட்டிக் கிடக்கிறது. மேற்கே போனால் மாரியில் வெள்ளம் நிற்கும் வயல். ஆனாலும் மலை குடையத் தேவையில்லாத சமதரை இது. பொத்துவில் வரை போடலாம் என்பதே என் கருத்து.

அதுவரை ஒன்று செய்யலாம். இரவு ரயில் மட்டக்களப்பை அடைவது அதிகாலையில். அந்த நேரத்தில் நிலைய வாசலிலிருந்தே அக்கரைப்பற்று வரை ஒரு பஸ் புறப்படட்டும். ரயில் பிந்தினால் பஸ்ஸும் காத்து நிற்கட்டும்.