கோட்டுக்குள் என்ன வைப்பது?

விடியுமுன்னே ஜீப்பேறி, மலைக்கு மேலுள்ள ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார்களை நம் கோம்பையில் அறியாதார் யார்? அவர்களுக்குக் கோட்டு தைக்கும்போது கழுத்து முதல் கீழ்விளிம்பு வரை கான்வாஸை வைத்துவிடுகிறோம். தடிப்பாயிருந்தால் குளிராது என்ற எண்ணம்! இது சரியன்று என்பதே என் கருத்து.

கதகதப்பைத் தருவது தடிப்பன்று. துணிக்குள் அசையாது நிற்கும் காற்றே. கான்வாஸ் கோட்டின் வடிவத்தைக் காப்பதற்கு மட்டுமே. காலர், முன்விளிம்பு, பொத்தான் துளை ஆகியவற்றோடு அதை நிறுத்த வேண்டும். வெட்டுமுன் நனைத்து உலர்த்தாவிட்டால் முதல் சலவையிலேயே காலர் சுருங்கிவிடும்.

உடற்பகுதிக்குப் போடிப் பக்கத்து இலவம் பஞ்சையே நான் சொல்வேன். அதன் இழை உள்ளே குழலாய்க் காற்று நிறைந்தது. மேலே மெழுகுப் படலம் இருப்பதால் எளிதில் நீர் ஏறாது. இரண்டாம் உலகப் போரில் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இதனை அடைத்தார்கள். கடலுக்கு ஈடுகொடுத்தது, ஏலக்காட்டுத் தூறலுக்கு ஈடுகொடுக்காதா? ஆனால் இழை வழுக்கி ஓரிடத்தில் திரளும். ஆகவே நெருக்கமாக நெய்த இரு துணிகளுக்கிடையே பரப்பி, மூன்று விரற்கடைக்கு ஒரு தையல் ஓட்ட வேண்டும். ஓட்டினால் துணி குறுகுமாதலால், அதன் பின்னரே அளவுக்கு வெட்டுங்கள். அடித்துத் துவைத்தால் பஞ்சு கட்டியாகும். எனவே இந்த உள்ளடுக்கைப் பொத்தான் வைத்துக் கழற்றும்படி அமைப்பது நலம்.

கைகளுக்குப் பஞ்சு வேண்டாம். காய் பறிக்கும் கை மடங்க வேண்டுமே! பழைய கம்பளித் துண்டு போதும். அதற்கு உட்புறம் வழுவழுப்பான லைனிங் கொடுத்தால் கை தடையின்றி நுழையும்.