பிள்ளையின் சம்பளத்துக்குக் காவல், பிள்ளைக்கு?

ஜெனட் மெக்கர்டியை அமெரிக்கப் பிள்ளைகள் ‘ஐகார்லி’ தொடரின் சாம் பக்கெட்டாகத்தான் அறிவார்கள். நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2007 முதல் 2012 வரை ஓடிய அந்தத் தொடரில், வறுத்த கோழி என்றால் உயிரை விடும் முரட்டுப் பெண் சாம். அந்த வேடத்தைப் போட்ட பெண்ணோ உணவுக் கோளாறில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அவரே எழுதிய பிறகுதான் ரசிகர்களுக்கு அது தெரிந்தது. 2022-ல் வந்த அவருடைய தன்வரலாறு அந்த இளமையை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவ் ஊரில், பணமுடை தீராத குடும்பத்தின் கடைக்குட்டி அவர். நடிகையாக வேண்டும் என்பது தாயின் நிறைவேறாத ஆசை. 6 வயதில் மகளை நடிகர் தேர்வுகளுக்கு அழைத்துப்போனார். 8 வயதில் மகள் தொலைக்காட்சியில் தோன்றினாள். சில ஆண்டுகள் கழித்து, காரில் போகும்போது, இனி நடிக்க விருப்பமில்லை என்று அந்தச் சிறுமி வாய்விட்டுச் சொன்னாள். தாய் கதறி அழுதார். சொன்னதை மகள் அந்தக் காரிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

11 வயதில் உடல் வளரத் தொடங்கியதும், கலோரியைக் கணக்கிட்டு உணவைக் குறைக்கத் தாய் கற்றுக்கொடுத்தார். சிறிய உடம்புக்கு இத்தொழிலில் விலை உண்டு. கலிஃபோர்னியா விதிப்படி, 9 வயதுக்குள் இருக்கும் பள்ளிப் பிள்ளை பள்ளி நாளில் 4 மணி நேரம்தான் நடிக்கலாம். 9 வயதானால் 5 மணி நேரம். எனவே வயதில் மூத்த, பார்வைக்குச் சின்னவளாகத் தெரியும் பிள்ளையைத் தயாரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். பிள்ளையைக் காக்க வந்த விதியே, அவள் வளராமல் இருப்பதை லாபமாக்கிவிடுகிறது.

பிள்ளை நடிகர்களின் சம்பளத்தைக் காக்கும் சட்டத்தின் வேர் ஜாக்கி கூகனின் வழக்கில் இருக்கிறது. சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில் நடித்த அந்தச் சிறுவன் வளர்ந்து பார்த்தபோது, சம்பாதித்த லட்சக்கணக்கான டாலர்களில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. 1938-ல் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடுத்தார். 1939-ல் சட்டம் வந்தது. இப்போது சம்பளத்தில் 15 சதவீதம் பிள்ளையின் பெயரில் முடக்கப்படுகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் பெற்றோர் பணத்தை எடுத்துக்கொள்ளக்கூடும் என்று சந்தேகித்த சட்டம், உடம்பையும் விருப்பத்தையும் பொறுத்தவரை அதே பெற்றோரைக் காவலராக நம்புகிறது. படப்பிடிப்பில் ஆசிரியர் இருக்கிறார், நேரக் கணக்கு இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு யார் வருவது?

மெக்கர்டிக்குப் பாட்டும் தாயின் விருப்பப்படிதான் வந்து சேர்ந்தது. 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் தொலைக்காட்சிப் படப்பிடிப்புகள் நின்றபோது, கன்ட்ரி இசை என்ற யோசனையைக் கொடுத்தவர் தாய். நாஷ்வில்லில் கேபிடல் இசை நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, 2010-ல் பாடல் வெளிவந்தது. பாட்டுக்காகத் தாயில்லாமல் ஊர் ஊராகப் போன நாட்களில்தான் மகள் பயமின்றிச் சாப்பிடத் தொடங்கினார். அதுவும் சீக்கிரமே கட்டுமீறிப் போனது. 2013-ல் தாய் புற்றுநோயில் இறந்தார். சில ஆண்டுகளில் மகள் நடிப்பை விட்டார்.

தாயைக் கொடுமைக்காரியாக்கி இதை முடித்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அந்த வீட்டுக்குச் சிறுமியின் வருமானம் தேவைப்பட்டது. குடும்பமே தன் சம்பளத்தை நம்பியிருக்கும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் தெம்பு எந்தப் பிள்ளைக்கு வரும்? கலிஃபோர்னியாவில் பிள்ளைகளின் வேலை அனுமதியை 6 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது பெற்றோர் உடனில்லாத அறையில், தயாரிப்பு நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவர் பிள்ளையிடம் பேசட்டும். மருத்துவர் எடையையும் உணவையும் விசாரிக்கட்டும். தொடர வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், காரணம் கேட்காமல் அனுமதி நிறுத்தப்படட்டும்.

2024-ல் கலிஃபோர்னியா, பெற்றோர் எடுக்கும் இணையக் காணொளிகளில் தோன்றும் பிள்ளைகளுக்கும் வருமானத்தில் பங்கு ஒதுக்கச் சட்டம் இயற்றியது. அங்கும் கவனம் பணத்தில்தான். அந்த வீடுகளில் படப்பிடிப்பு ஆசிரியர்கூடக் கிடையாது; கேமரா தாயின் கையில் இருக்கிறது.