வரலாற்றில் விடுபட்ட மகளிர்

வைகையாற்றின் தென்கரையில், மதுரை மாநகரின் மேற்குப் பகுதியாக விளங்குவது ஆரப்பாளையம். அங்குள்ள பேருந்து நிலையத்திற்குத் திண்டுக்கல், தேனி முதலிய ஊர்களிலிருந்து காலைதோறும் பேருந்துகள் வந்து சேர்கின்றன. அவற்றிலிருந்து இறங்குவோருள் கல்லூரி மாணவியர் பலர். அவர்களுள் சிலர் 1953ஆம் ஆண்டில் தோன்றிய பாத்திமா கல்லூரிக்குச் செல்வர். வேறு சிலர் 1948ஆம் ஆண்டில் தோன்றிய டோக் பெருமாட்டி கல்லூரிக்கும், 1965ஆம் ஆண்டில் தோன்றிய மீனாட்சி அரசினர் மகளிர் கல்லூரிக்கும் செல்வர். தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் இவர்களுள் பலர் உளர். நாற்று நட்டும் களை பறித்தும் கூலி பெற்ற தாய்மாரின் கனவே இவர்களுடைய கல்வி.

இம்மாணவியர் வரலாற்று நூலைத் திறக்கும்போது காண்பவர் யாவர்? முடி சூடிய மன்னர். படை நடத்திய தலைவர். சாலையும் சத்திரமும் அமைத்த இராணி மங்கம்மாள் போன்ற அரசியர் ஒருசிலர். அவர்களைப் போற்றுதல் தக்கதே. ஆயினும், தம் தாயைப் போன்ற ஒருத்தியை, தம் சேரியிலோ குடிசையிலோ பிறந்து உலகிற்கு உதவிய ஒருத்தியை, அந்நூலில் அவர்கள் காண்பது அரிதினும் அரிது. வரலாற்றில் தம்மவர் இல்லை என்று எண்ணும் பிள்ளை, வருங்காலத்திலும் தமக்கு இடமில்லை என்று எண்ணத் தொடங்கும். இக்குறை சிறு குறையன்று.

இதே குறையைக் கடல் கடந்த நாடொன்றும் கண்டது. கண்டு அதற்கு மருந்தும் தேடிற்று. அமெரிக்க நாட்டில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் கார்ட்டர் உட்சன் என்னும் அறிஞர். அவர் 1912ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தம் இனத்தார் ஆற்றிய தொண்டுகள் பாடநூல்களில் இடம்பெறாமை கண்டு வருந்திய அவர், 1926ஆம் ஆண்டில் பிப்ரவரித் திங்களின் ஒரு வாரத்தைக் கறுப்பின மக்களின் வரலாற்று வாரமாகக் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கினார். அவ்வாரம் 1976ஆம் ஆண்டில் ஒரு திங்களாக விரிந்தது. இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் அத்திங்களில் கறுப்பின மகளிரின் தொண்டினை நினைவுகூர்கின்றன.

அங்ஙனம் நினைவுகூரப்படுபவருள் ஒருவர் ஜோ ஆன் ராபின்சன். அவர் அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். 1955ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்னும் அம்மையார் கைது செய்யப்பட்டார். அன்றிரவே ராபின்சன் தம் கல்லூரிக்குச் சென்றார். உடன் பணியாற்றிய ஒருவரும் மாணவர் இருவரும் துணை நின்றனர். பேருந்தில் ஏறாதீர் என்று மக்களை வேண்டும் துண்டு அறிக்கைகள் ஆயிரமாயிரமாக விடியும்வரை அச்சிடப்பட்டன. அப்புறக்கணிப்பு 381 நாள் நீடித்து வெற்றி கண்டது. அப்போராட்டத்தால் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் உலகெங்கும் பரவியது. கண் துஞ்சாது அறிக்கை அச்சிட்ட ஆசிரியையின் பெயரோ நெடுங்காலம் பலர் அறியாததாயிற்று. விண்வெளிப் பயணத்திற்கு வேண்டிய கணக்குகளை ஆய்ந்து தந்த கேத்தரின் ஜான்சன் என்னும் கறுப்பினப் பெண்மணியும் அத்தகையரே. 1962ஆம் ஆண்டில் ஜான் கிளென் உலகை வலம் வருதற்கு முன், அவர் பாதையின் கணக்கைச் சரிபார்த்தவர் இவ்வம்மையார். நாட்டின் உயர்ந்த விருது அவரை வந்தடைந்தது 2015ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு அகவை 97.

அயல்நாட்டுச் செய்தி மதுரைக்கு எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். 1959ஆம் ஆண்டில் கிங் தம் துணைவியாருடன் இந்தியாவிற்கு வந்தார். தென்னிந்தியப் பள்ளி ஒன்றில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகம் செய்த தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதார் ஒருவர் என்றே குறிப்பிட்டார். கேட்ட கிங் முதலில் திடுக்கிட்டார்; பின்னர் எண்ணிப் பார்த்து, அச்சொல் மெய்யே என உணர்ந்தார். நிறம் வேறு, சாதி வேறு. ஆயினும் இரண்டும் மனிதனை மனிதன் தாழ்த்தும் கருவிகள். எனவே, அங்கே கறுப்பின மகளிருக்குச் செய்யப்படும் சிறப்பு, இங்கே ஒடுக்கப்பட்ட மகளிருக்கும் செய்யப்பட வேண்டும் என்பது பொருத்தமேயன்றோ?

அச்சிறப்பிற்கு உரியாரைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உட்சன் வரலாற்று வாரம் கண்ட அதே 1926ஆம் ஆண்டில், அந்நாளைய மதுரை மாவட்டத்தில், இன்று திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள அய்யன்கோட்டையில், நிலமற்ற ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். தந்தையை இளமையில் இழந்த அவரைத் தாய் நாகம்மாள் கூலி வேலை செய்து வளர்த்தார். மீனாட்சியம்மன் கோயிலின் வாயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தது 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாளில் என்பதை எண்ணினால், அக்காலத்தில் அவ்வினத்துச் சிறுமி ஒருத்தி கல்வி பெறுதல் எத்துணை அரிது என்பது விளங்கும். காந்திகிராமத்தை 1947ஆம் ஆண்டில் நிறுவிய மருத்துவர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவால் மதுரையில் தங்கிப் பயின்று, அவர் பல்கலைக்கழகக் கல்வியும் பெற்றார்.

பட்டம் பெற்றவர் பதவி நாடிச் செல்லவில்லை. 1950ஆம் ஆண்டில் காந்திய நெறியினரான ஜெகந்நாதனை மணந்து, இருவரும் பூமிதான இயக்கத்தில் ஈடுபட்டனர். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாளன்று கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளுமாக 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அக்கொடுமை கேட்டு அவ்விருவரும் கீழ்த்தஞ்சைக்கு விரைந்தனர். நிலம் இல்லாமையே அடிமைத்தனத்தின் வேர் என்று கண்ட அவர்கள், 1981ஆம் ஆண்டில் ‘லாப்டி’ என்னும் அமைப்பை நிறுவினர். நிலக்கிழாரிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை விலைக்கு வாங்கி, உழுவோர்க்கு உரிமையாக்குவதே அதன் முறை. நிலப்பத்திரம் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது. ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் இவ்வாறு ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்தது. ஒரு துளி குருதியும் சிந்தாமல் நிகழ்ந்த நிலப்போர் இது. 2008ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் வாழ்வுரிமை விருதும், 2020ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன.

கல்லாதாரும் வரலாறு படைத்ததுண்டு. அழகர்கோயில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கூலி உழவுத் தொழில் செய்த சின்னப்பிள்ளை எழுத்தறியாதவர். உடன் உழைக்கும் பெண்டிரைத் திரட்டி, களஞ்சியம் என்னும் சேமிப்பு இயக்கத்தில் தலைமை தாங்கி, கந்துவட்டியின் பிடியிலிருந்து பல குடும்பங்களை மீட்கத் துணைநின்றார். 2001ஆம் ஆண்டில், விருது வழங்கும் விழாவில், நாட்டின் தலைமை அமைச்சர் வாஜ்பாய் குனிந்து அவர் கால்தொட்டு வணங்கினார். 2019ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது. எழுத்தாற்றலால் ஏற்றம் பெற்றவர் பாமா. பனைமட்டையின் இருபுறமும் வாள்போல் அமைந்த கருக்கினைத் தலைப்பாகக் கொண்டு, 1992ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூல், ஒடுக்கப்பட்ட பெண்ணின் வாழ்வை அவர்தம் பேச்சு மொழியிலேயே கூறிற்று. அது பிறமொழிகளில் பெயர்க்கப்பட்டு, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பயிலப்படுகிறது.

இத்தகையோரைத் தனியே போற்றுவதை மறுப்பாரும் உளர். அறிவுக்குச் சாதியில்லை, தொண்டுக்குப் பால் வேற்றுமையில்லை, தனியே பிரித்துப் பேசுவது பிரிவினையை வளர்க்கும் என்பது அவர்கள் கூற்று. கேட்பதற்கு இனிய கூற்றுதான் இது. ஆனால், பிரித்தவர் யார்? ஏட்டில் எழுதாது விட்டவரே முதலில் பிரித்தவர். விடுபட்ட பெயரை மீண்டும் எழுதுவது பிரிவினையாகாது. வைகையின் கால்வாயில் தண்ணீர் வரும்போது தலைமடை வயல் தானே நிரம்பும். கடைமடை வயலோ காய்ந்து கிடக்கும். கடைமடைக்கென்று தனி வாய்க்கால் வெட்டுதல் தலைமடைக்குச் செய்யும் தீங்காகுமா? எல்லா வயலிலும் பயிர் விளைந்தாலன்றோ ஊர் செழிக்கும்! எல்லார் பெயரும் பொதுநூலில் ஒருங்கே இடம்பெறும் நாள் வரும்வரை, தனியே நினைவுகூர்தல் இன்றியமையாதது.

எனினும், ஒரு நாள் மாலை சூட்டி, மேடையில் புகழ்ந்து, மறுநாள் மறந்துவிடுவது சிறப்பாகாது. அம்மகளிர் பட்ட துன்பத்தை மட்டுமே கூறி இரங்குவதும் சிறப்பாகாது. துன்பத்தைப் பேசுவது இரக்கம். செயலைப் பேசுவதே மதிப்பு. நிலக்கிழாரிடம் கிருஷ்ணம்மாள் எவ்வாறு வாதாடினார், எழுத்தறியாத பெண்டிர் எவ்வாறு கணக்கு வைத்தனர், பேச்சு மொழி எவ்வாறு இலக்கியமாயிற்று என்றெல்லாம் ஆராய்வதே கல்லூரிக்கு அழகு. மதுரைப் பல்கலைக்கழகம் 1966ஆம் ஆண்டில் தோன்றியது. 1978ஆம் ஆண்டில் காமராசர் பெயரை ஏற்றது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டும், நாடெங்கும் பள்ளிகளைத் திறந்தவரின் பெயர் தாங்கிய நிறுவனத்திற்கும், அதன் கல்லூரிகளுக்கும் இப்பணி மிகவும் உரியது.

இப்பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவி, தன் பாட்டியிடமும் அண்டை வீட்டு முதியவளிடமும் கேட்டறியலாம். ஊரில் முதலில் பள்ளிக்குச் சென்ற பெண் யார்? கூலி உயர்வு கேட்டு முன்னின்றவள் யார்? பேறுகாலத்தில் ஊரார்க்கெல்லாம் உதவியவள் யார்? அவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி, பத்திரங்களோடும் பிறர் கூற்றோடும் ஒப்பிட்டு, மெய்யானவற்றை மட்டும் கல்லூரி நூலகத்தில் சேர்க்கலாம். மிகைப்படுத்திய புகழ் வரலாறாகாது. அது புகழப்பட்டவருக்கே இழுக்காகும். உண்மையே அவர்களுக்குப் போதிய அணிகலன்.

அங்ஙனம் எழுதப்பட்ட நூல் ஒன்று கையில் தவழுமாயின், ஆரப்பாளையத்தில் வந்திறங்கும் மாணவி அதில் தன் ஊரின் பெயரைக் காண்பாள். தன் தாயைப் போன்ற ஒருத்தியின் பெயரையும் காண்பாள். வரலாறு என்பது எவரோ வாழ்ந்த கதையன்று, தன்னவரும் சேர்ந்து வளர்த்தது என உணர்வாள். அவ்வுணர்வு பெற்றவள் தலைநிமிர்ந்து நடப்பாள். தனக்குப் பின் வருவோர்க்கும் வழியமைப்பாள். அதுவே, விடுபட்ட மகளிர்க்கு ஒரு கல்விக்கூடம் செய்யத்தக்க உண்மையான சிறப்பு.