கடைசி வாழ்த்து அட்டை

ஜப்பானில் சில ஆண்டுகளாகப் புத்தாண்டுத் தபாலில் ஒரு விநோதமான வாழ்த்து வருகிறது. மேலே வழக்கமான புத்தாண்டு வணக்கம். கீழே நாலு வரி: வயதாகிவிட்டது, அடுத்த ஆண்டு முதல் வாழ்த்து அட்டை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறேன், இத்தனை காலம் காட்டிய அன்புக்கு நன்றி, நம் உறவு மட்டும் விட்டுப்போக வேண்டாம் என்ற பொருளில். இதற்கு 'நெங்காஜோ-ஜிமாய்' என்று பெயரும் வந்துவிட்டது. ஒரு வழக்கத்தை முடிப்பதற்கும் ஒரு வழக்கம்! எழுதச் சிரமப்படுகிறவர்களுக்காக இந்த வாசகத்தை அச்சிட்ட ஸ்டிக்கரும் ரப்பர் முத்திரையும் கடைகளில் கிடைக்கின்றன. வியாபாரிகள் எதையும் விட்டுவைப்பதில்லை.

நெங்காஜோ என்பது ஜப்பானியரின் புத்தாண்டு வாழ்த்து அஞ்சலட்டை. டிசம்பர் 25-க்குள் பெட்டியில் போட்டுவிட்டால், தபால் துறை அதை உடனே பட்டுவாடா செய்யாமல் வைத்திருந்து ஜனவரி 1 அன்று மொத்தமாகக் கொண்டுவந்து தரும். புத்தாண்டுக் காலையில் வீட்டுப் பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கிடக்கும். உறவினர், பள்ளித் தோழர், மேலதிகாரி, பல் டாக்டர், எப்போதோ கல்யாணத்துக்கு வந்துபோனவர் என்று எல்லோரும் அந்தக் கட்டுக்குள் இருப்பார்கள். நாம் அனுப்பாத ஒருவரிடமிருந்து வந்திருந்தால், அவசர அவசரமாகப் பதில் எழுதி அன்றே தபாலில் சேர்க்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். அந்த ஆண்டில் வீட்டில் சாவு நிகழ்ந்திருந்தால் அந்தக் குடும்பம் வாழ்த்து அனுப்பாது, பிறரும் அவர்களுக்கு அனுப்பக் கூடாது. இங்கே 'அவங்க வீட்டில் இந்த வருஷம் பண்டிகை இல்லை' என்று வாய்மொழியாகத் தெரிந்துவிடும். அங்கே அதற்கும் ஓர் அட்டை உண்டு. துக்கத்தில் இருக்கிறோம், புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல இயலாத நிலைக்கு மன்னிக்கவும் என்று நவம்பர் வாக்கிலேயே எழுதித் தெரிவித்துவிடுவார்கள். இருக்கிறேன் என்பதையும், ஒருவர் இல்லை என்பதையும் ஒரே பழக்கம் சுமந்துகொண்டிருந்தது.

2004 புத்தாண்டுக்காக ஜப்பான் தபால் துறை வெளியிட்ட அட்டைகள் சுமார் 446 கோடி. கைக்குழந்தையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆளுக்கு 35 அட்டை. 2025 புத்தாண்டுக்கு அது ஏறத்தாழ 107 கோடியாகச் சுருங்கியது. கைப்பேசி ஒரு காரணம். 2024 அக்டோபரில் அஞ்சலட்டைக் கட்டணம் 63 யென்னிலிருந்து 85 யென்னாக ஏறியது இன்னொன்று. மூன்றாவது காரணம், எழுதுகிறவர்களுக்கு வயதாகிவிட்டது என்பது. எண்பது வயதில் நடுங்கும் கையோடு நூறு முகவரி எழுதுவது பண்டிகை அல்ல, வேலை.

'பாரம்பரியம் அழிகிறதே' என்று அங்கும் அங்கலாய்க்கிறார்கள். எந்தப் பாரம்பரியம், எவ்வளவு பழையது என்று கேட்டால் கதை வேறு மாதிரி போகிறது. ஜப்பானியர் ஜனவரி 1-ஐப் புத்தாண்டாகக் கொண்டாடத் தொடங்கியதே 1873-இல். அதுவரை சந்திரனைப் பார்த்து நாள் குறித்த நாட்டை அரசாங்கம் ஓர் ஆணையில் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாற்றியது. புத்தாண்டில் கோயிலுக்குப் படையெடுக்கும் 'ஹத்சுமோதே'யை இன்றைய அளவுக்கு வளர்த்ததில் ரயில் கம்பெனிகளின் விளம்பரத்துக்குப் பெரும் பங்குண்டு. டிசம்பர் 31 இரவு குடும்பமே டிவி முன் உட்கார்ந்து பார்க்கும் 'கோஹாகு' பாட்டுப் போட்டி, டிவிக்கு வந்தது 1953-இல். 1963-இல் 81.4 சதவீத வீடுகள் அதைப் பார்த்தன. வாழ்த்து அட்டைகளுக்கு லாட்டரி எண் போட்டதும் போருக்குப் பிந்தைய யோசனைதான். 1950 புத்தாண்டில் ஆகப் பெரிய பரிசு தையல் மிஷின். கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது.

இதெல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் உதாரணம் கிறிஸ்துமஸ் கோழி. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். டிசம்பர் 25 அங்கே விடுமுறைகூட இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் முன்னிரவில் கே.எப்.சி. வறுத்த கோழியை முன்பதிவு செய்து வாங்கி, ஸ்ட்ராபெரி வைத்த கிரீம் கேக்கோடு சாப்பிடுவது அங்கே குடும்ப வழக்கம். 1974-இல் அந்த நிறுவனம் நாடு முழுக்கச் செய்த விளம்பரம்தான் அதன் தோற்றுவாய். சிரிக்கத் தோன்றும். ஆனால் அன்று அப்பா வாங்கிவந்த கோழிப் பொட்டலத்தைப் பிரித்த குழந்தை இன்று பேரனுக்கு அதையே வாங்கிக்கொண்டு போகிறது. கம்பெனி தொடங்கிவைத்தது என்பதற்காக அந்தப் பாட்டியின் நினைவைப் பொய் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே, ஒரு வழக்கம் எவ்வளவு பழையது என்பதை வைத்து அதைக் காப்பதா கைவிடுவதா என்று முடிவுசெய்வதில் அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதன் வேலையை யார் செய்கிறார்கள்?

'ஓசெச்சி'யை எடுத்துக்கொள்ளலாம். புத்தாண்டின் முதல் மூன்று நாள் சாப்பிடுவதற்காக அடுக்கடுக்கான அரக்குப் பெட்டிகளில் நிரப்பிவைக்கும் உணவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. முதுகு வளைந்த இறால், கூன் விழும் வரை ஆயுள் வேண்டி. ஹெர்ரிங் மீனின் சினை, வம்சம் பெருக. ஓட்டை ஓட்டையான தாமரைக்கிழங்கு, வரப்போகும் நாட்கள் தெளிவாகத் தெரிய. பொடி மீன் கருவாட்டைச் சர்க்கரைப் பாகில் பிரட்டியது ஒன்று. அந்த மீன் ஒருகாலத்தில் நெல்வயலுக்கு உரமாகப் போனதால் அது நல்ல விளைச்சலுக்கு. கெட்டுப்போகாமல் இருக்க எல்லாவற்றிலும் சர்க்கரையும் சோயாவும் வினிகரும் தூக்கலாக இருக்கும். அந்த மூன்று நாளும் அடுப்புக்கு ஓய்வு, பெண்களுக்கும் ஓய்வு என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

நியாயம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று நாள் ஓய்வெடுப்பதற்காக, அதற்கு முந்தைய மூன்று நாள் ஒருத்தி அடுப்படியிலேயே நின்றாக வேண்டும். கறுப்பு பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்து, தோல் சுருங்காமல் மணிக்கணக்கில் கொதிக்கவைத்துப் பார்த்தவருக்கு அந்த ஓய்வின் விலை தெரியும். போதாததற்கு அதே நாட்களில்தான் வீடு முழுக்கப் பெருந்துப்புரவும் நடக்கும். நம் போகிக்கு முந்தைய ஒட்டடைப் படலம் மாதிரி. இப்போது ஓசெச்சியைப் பல வீடுகள் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வாங்கிவிடுகின்றன. இலையுதிர் காலத்திலேயே முன்பதிவு தொடங்கிவிடும். இருவருக்கான சிறிய பெட்டி, ஒருவருக்கான பெட்டி என்றெல்லாம் வந்துவிட்டது. 'வீட்டுக் கைமணம் போய்விட்டது' என்று பெருமூச்சு விடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒருகாலத்தில் பெட்டியைத் திறந்தவர்களாகவே இருப்பார்கள். நிரப்பியவர்கள் பெருமூச்சு விட்டிருந்தால் அது நிம்மதியில் விட்டதாக இருக்கும்.

வேலையைச் சுமந்தவர் அதை இறக்கிவைக்கலாம். ஆனால் எப்படி இறக்கிவைப்பது என்பதில்தான் அந்த ஜப்பானியத் தாத்தாக்களின் கடைசி அட்டை கவனிக்கத்தக்கதாகிறது. தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டை போன விதத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மார்கழி பிறந்தால் பெட்டிக்கடை வாசலில்கூடக் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. கரும்பும் பானையும், ஜோடி மாடு, முருகன், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல். அண்ணனுக்கு ரஜினி, தங்கைக்குப் பூப்படம் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, எதிர் வீட்டில் இருக்கும் சிநேகிதனுக்கும் தபால்தலை ஒட்டி அனுப்பிய பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த அட்டை எந்த ஆண்டோடு நின்றது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. யாரும் யாருக்கும் 'இனி அனுப்பமாட்டேன்' என்று சொல்லவில்லை. ஒரு பொங்கலுக்கு வந்தது, அடுத்த பொங்கலுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது அதே கரும்பும் பானையும் விடியற்காலை நான்கு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு ஒரே அடியாகப் போய் விழுகிறது. அனுப்பியவருக்கே யார் யாருக்கு அனுப்பினோம் என்று தெரியாது.

கடைசி அட்டையை எல்லோரும் நல்லபடியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று இல்லை. 'என் கணக்கை முடித்துவிட்டான்' என்று வருந்துகிற பழைய நண்பர்களும் உண்டு. அச்சடித்த ஸ்டிக்கரில் விடைபெற்றால் வருத்தம் வரத்தான் செய்யும். தொலைபேசி எண்ணையோ 'லைன்' செயலி முகவரியையோ கையால் ஒரு வரி எழுதிச் சேர்த்தால் கதை மாறிவிடும். எப்படியானாலும், எதிரில் இருப்பவர் நம் அட்டைக்குக் காத்திருப்பார் என்ற நினைப்பு அந்த நான்கு வரியில் இருக்கிறது. பொங்கல் அட்டையை நிறுத்தியபோது நம்மில் எவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

எல்லா வேலையையும் இறக்கிவைத்துவிடுவதும் இல்லை. கடையிலிருந்து ஓசெச்சி வாங்கும் வீடுகளிலும் பெரும்பாலும் வீட்டு அடுப்பில் கொதிப்பது 'ஓஸோனி'. புத்தாண்டுக் காலையில் குடிக்கும் சூப். ஒட்டும் அரிசியை வேகவைத்து இடித்துச் செய்த மோச்சித் துண்டுகள் அதில் மிதக்கும். டோக்கியோ பக்கம் மோச்சி சதுரம், சுட்டுத் தெளிந்த சாறில் போடுவார்கள். கியோட்டோவில் வட்டம், வெள்ளை மிசோ கரைத்த சூப். ககாவா மாநிலத்தில் அந்த மிசோ சூப்புக்குள்ளேயே இனிப்புப் பயறு பூரணம் வைத்த மோச்சியைப் போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். பல ஊர்க்காரர்கள் குடியேறிய ஹொக்கைடோவில் பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே சுவை மாறும். டோக்கியோ பெண் ககாவா பையனைக் கல்யாணம் செய்தால் முதல் புத்தாண்டில் யார் வீட்டு ஓஸோனி என்பது சின்ன விஷயம் இல்லை. ஜனவரி 1-க்கு ஒன்று, 2-க்கு மற்றொன்று என்று சமாதானம் பேசிக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

இந்த மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் மருத்துவமனைக்குப் போவதும் இறப்பதும் ஒவ்வொரு புத்தாண்டிலும் நடக்கிறது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள், நன்றாக மென்று விழுங்கச் சொல்லுங்கள், தனியாகச் சாப்பிடவிடாதீர்கள் என்று டோக்கியோ தீயணைப்புத் துறை டிசம்பர் பிறந்ததும் எச்சரிக்கத் தொடங்கிவிடும். கத்தரிக்கோலால் நறுக்கிப் போடும் வீடுகளில், மோச்சி சதுரமா வட்டமா என்ற வழக்கு தாத்தாவின் கிண்ணத்தோடு தள்ளுபடி ஆகிவிடுகிறது.