கேசட் கடையைக் கொன்றது இணையமா?



"காலத்துக்கேற்ப மாறாததால் பிளாக்பஸ்டர் அழிந்தது" என்று ஒரு பாடம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பாதிதான் சரி.

எண்பதுகளில் எங்கள் ஊர்க் கடையில் கேசட் எடுத்தேன். படம் முழுக்கக் கோடு. திருப்பிக் கொடுத்தால், "உங்க டெக்குலதான் கோளாறு சார்" என்றார் கடைக்காரர். ரீவைண்ட் செய்யவில்லையென்று தனிக் காசு. ஒன்பது மணி தாண்டியதற்கு இன்னொரு நாள் வாடகை. வேறு கடை இல்லை. வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நெட்ஃபிளிக்ஸ் 1999-இலேயே மாதச் சந்தா கொண்டுவந்தது. தாமதக் கட்டணம் கிடையாது. அப்போது டிவிடியை வீட்டுக்குக் கொண்டுவந்தது இணையம் அல்ல, தபால்காரர்! இணையத்தில் படம் காட்டியது 2007-இல்தான்.

2005-இல் பிளாக்பஸ்டரும் "இனித் தாமதக் கட்டணம் இல்லை" என்று விளம்பரம் செய்தது. ஆனால் கெடு முடிந்து ஒரு வாரம் தாண்டினால் படத்தின் முழு விலையையும் தலையில் கட்டியது. 47 மாநிலங்கள் தட்டிக் கேட்டன. ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 2010-இல் திவால்.

தொழில்நுட்பத்தின் மேல் பழிபோடுவது, பரீட்சையில் தோற்றவன் பேனாவைக் குறை சொல்வது போல.

கடை வைத்திருக்கும், கம்பெனிகளில் கட்டணம் நிர்ணயிக்கும் என் பிள்ளைகளே! வேறு வழியில்லாமல் உங்களிடம் வருகிறவரை நிரந்தர வாடிக்கையாளர் என்று நம்பாதீர்கள். அவர் வழி திறக்கக் காத்திருக்கிறார். அன்று நானும் காத்திருந்தேன்.