மை படிந்த கைகளுக்கு மதிப்பில்லையா?

அடம்பனில் ஒரு தேநீர்க் கடை. காலை வேளையில் நாளிதழ் விரிகிறது. நெல்லுக்கு என்ன விலை, கட்டுக்கரைக் குளத்தில் நீர் எவ்வளவு, நாடாளுமன்றத்தில் நம்மவர் என்ன பேசினர் என்று ஒருவர் படிக்க, நால்வர் கேட்கின்றனர். தலையங்கம் தீட்டியவரைப் போற்றுவோர் உண்டு, தூற்றுவோரும் உண்டு. ஆனால், விரல் நுனியில் ஒட்டிய மையைக் கண்டு, "இதனை இரவெல்லாம் விழித்திருந்து தாளில் ஏற்றியவன் யார்?" என்று கேட்போர் உண்டா?

இல்லை. அந்தக் குறையைப் பற்றியே இன்று எழுதுகின்றோம்.

அச்சியந்திரத்தை இயக்குவது, பொத்தானை அழுத்திவிட்டுக் கைகட்டி நிற்கும் வேலையன்று. அன்று ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறி நிற்கும் வரிகளைப் படித்துக் கோத்தனர். இன்று தகட்டில் நீரையும் மையையும் அளவறிந்து ஓடவிட வேண்டும். நீர் மிகுந்தால் எழுத்து வெளிறும். குறைந்தால் தாளெங்கும் மை அப்பும். சுழலும் உருளையருகே ஒரு கணம் அயர்ந்தால் விரல் போகும். ஊர் உறங்கும் நேரமே அவனுக்கு உழைக்கும் நேரம்.

தமிழ் அச்சின் வரலாறு மன்னாருக்கு அயலானதன்று. முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணிபுரிந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழில் தந்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட நூல் அது. தமிழில் தந்தவர் பெயர் நிலைத்தது. அச்சுப்பொறியின் கைப்பிடியை இழுத்தவர் பெயரை நம்மில் யார் அறிவார்?

ஆனால், நாம் மறந்த அச்சாளனை ஆள்வோர் ஒருபோதும் மறந்தாரில்லை! 1820இல் அமெரிக்க மிசனின் அச்சாளர் ஜேம்ஸ் கரெற் யாழ்ப்பாணம் வந்தார். அன்றைய ஆங்கில ஆட்சியாளர் எட்வேர்ட் பார்ன்ஸ் அவரை நாட்டைவிட்டு அகலப் பணித்தார். முன்னரே வந்திருந்த போதகர்கள் இருக்கலாம்; அச்சாளர் இருக்கலாகாது! நாவால் உரைத்தது ஓரூரில் அடங்கும், அச்சேறியது நாடெங்கும் நடக்கும் என்பதை அதிகாரம் அறிந்திருந்தது. அச்சிடும் எதிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருத்தல் வேண்டும் என்று 1902ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் விதித்தது. பாராட்டுவதற்கா? அன்று, பிடித்துக்கொள்வதற்கு. அந்தப் பெயரும் அச்சக முதலாளியின் பெயரேயன்றி, தொழிலாளியின் பெயரன்று.

தீ மூண்டபோதெல்லாம் அதன் அருகில் நின்றவன் அவனே. 1981ஆம் ஆண்டு, மே முடிந்து ஜூன் பிறந்த அந்தக் கொடிய நாள்களில், யாழ் நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் அச்சகமும் எரிந்தன. 2006 மே 2ஆம் நாள், உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முன்னிரவில், உதயன் அலுவலகத்துள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். அவ்விருவரும் செய்தி எழுதுவோர் அல்லர். 2013 ஏப்ரல் 13 அதிகாலையில் அதே நிறுவனத்தின் அச்சியந்திரத்துக்கே தீ வைத்தனர். எழுதுகோலை ஒடிப்பதைவிட இயந்திரத்தை எரிப்பதே பயன் தரும் என்பது பகைவனுக்குத் தெரிகிறது. நமக்கு ஏன் தெரியவில்லை?

"பத்திரிகைகளே நட்டத்தில் தள்ளாடுகின்றன, கூலி கொடுப்பதே பெரிது" என்பர் உரிமையாளர் சிலர். தாள் விலையும் மை விலையும் ஏறியதையும், வாசகர் பலர் கைபேசித் திரைக்குப் பெயர்ந்ததையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், நட்டத்தின் சுமையை முதலில் எவன் தோளில் ஏற்றுவது என்பதே கேள்வி. பிறர் உரிமைக்காகப் பக்கம் பக்கமாய் முழங்கும் இதழ், தன் கூரையின் கீழ் இரவு விழிப்பவனுக்கு வாய் மூடி நிற்பது அறமாகுமா? இவ்விதழும் அந்தக் கேள்விக்கு விலக்கன்று.

நாம் கேட்பது பெரிதன்று. அச்சகத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் உயிர்க் காப்புறுதியும் விபத்துக் காப்புறுதியும் வேண்டும். இரவு வேலைக்குத் தக்க ஊதியம் வேண்டும். பழைய இயந்திரம் நிற்கும் நாளில் அவனைத் தெருவில் நிறுத்தாது, புதிய தொழில் பயிற்ற வேண்டும். ஆண்டு மலரில் ஆசிரியர் குழுவின் பெயர்களோடு அச்சுக்கூடத்தார் பெயர்களும் இடம்பெற வேண்டும். மே 3ஆம் நாள் பத்திரிகைச் சுதந்திரம் பேசும் மேடைகளில் அவனுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

அடம்பன் மக்கள் உழவர்கள். 2008இல் போர் அவர்கள் மண்ணை மிதித்துச் சென்றது. மீண்டு வந்து, மீண்டும் விதைத்தார்கள். தாம் விளைவித்த நெல்லை உண்போர் தம் பெயர் அறியார் என்பதை அவர்களைவிட நன்குணர்ந்தவர் யார்? சேறு படிந்த கை, மை படிந்த கையை அறியும். எழுதுவோராகிய நாமும் அறிந்தாக வேண்டும்.