எல்லைப்புறப் பள்ளிகளும் வரலாற்றுப் பாடமும்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சனை கொதிநிலையை எட்டியபோது, இடுக்கி-தேனி எல்லையின் இருபுறமும் சாதாரண மக்கள் தாக்கப்பட்டனர். ஏலத்தோட்டங்களில் பணிபுரிந்த தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி மலையிறங்கின. தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. தலைமுறைகளாக அருகருகே உழைத்தவர்கள் சில நாட்களில் ‘அந்நியர்’ ஆக்கப்பட்டனர். வரலாறு கற்பிக்கப்படாத இடத்தில் வதந்தியே பாடநூலாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கண்ணன் தேவன் மலைகளை 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து பெற்றவர் ஆங்கிலேயரான ஜான் டேனியல் மன்றோ. ஆனால் காட்டைத் திருத்தித் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்கள், கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த தமிழ் உழைப்பாளிகள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பாலக்காட்டிலோ, கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1920களில் ஈழவ மக்கள் போராட வேண்டியிருந்தது. சென்னை மாநிலத்திலிருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த தேவிகுளமும் பீர்மேடும் 1956 நவம்பர் 1 அன்றுதான் ஒரே கேரளத்தில் இணைந்தன. இவற்றை அறிந்த மாணவர், தம் பெற்றோரை ‘வந்தேறி’ என்பவருக்குப் பதிலளிப்பார். பக்கத்து வீட்டு மலையாளியைப் பகைவராகவும் கருதமாட்டார்.

இத்தகைய குடிமக்கள் உருவாவதை வகுப்புவாத சக்திகள் விரும்புவதில்லை. பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில் என்சிஇஆர்டி நூல்களிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயமும், 2002 குஜராத் கலவரமும், காந்தி படுகொலையை அடுத்து ஆர்எஸ்எஸ் தடை செய்யப்பட்ட செய்தியும் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட பகுதிகளைத் துணைப் பாடநூல்களாக 2023 ஆகஸ்டில் வெளியிட்டு, இடது ஜனநாயக முன்னணி அரசு உரிய பதிலடி கொடுத்தது.

அந்தப் பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. மூணாறு, பீர்மேடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளின் தமிழ்வழி வகுப்பறைகளிலும் இந்த வரலாறு தாய்மொழியில் ஒலிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வீட்டுவசதி, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றை நிர்வாகத்தின் பொறுப்பாக்கிய 1951ஆம் ஆண்டுச் சட்டம், 2020இல் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. இருந்த உரிமை எதுவென்று தெரியாத தலைமுறைக்கு, அது பறிபோனதும் தெரியாது.

ஆகவே ஆசிரியர் அமைப்புகளும் மாணவர், வாலிபர் இயக்கங்களும் கட்சிக் கிளைகளும் லயங்களில் வாழும் மூத்த தொழிலாளர்களின் நினைவுகளைத் தொகுத்து, பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாக்குரிமை பதினெட்டு வயதில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும் அறிவை வகுப்பறையிலிருந்தே ஊட்டியாக வேண்டும்.